ஆறு நாள் கேட்ட கம்பெனி

"கைய எடுண்ணே! வால்வை விடு!"

சங்கமித்ரா இரும்புப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். மேலே நீராவி வால்வின் சக்கரத்தைப் பாதி திருகியிருந்த ஆபரேட்டர் சிலுவைமுத்து, பிடியை விடாமலே திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஊடு பத்திக்கினா மாதிரி ஓடியார?"

"மூடுண்ணே. மொதல்ல மூடு, அப்பால சொல்றேன்."

"மேனேஜர் சொல்லாம எப்டி மூடுறது? சர்ட்டிபிகேட்டு வந்துருச்சு, ஸ்டீம் ஏத்துன்னாரு. ஏத்திக்கினுகீறேன்."

திருவொற்றியூரின் அந்த எண்ணெய் ஆலையில் அவள் பாதுகாப்பு அதிகாரி. எதிரே நின்றது, எண்ணெயை அழுத்தத்தில் வேகவைக்கும் இரண்டு ஆள் உயர இரும்புக் கலம். தொழிலாளிகளுக்கு அது 'குக்கர்'. சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் ஷெட். அங்கே பன்னிரண்டு பெண்கள். அதில் ஒருத்தி அவளைப் பெற்ற ரமாபாய்.

குக்கரைப் போர்த்தியிருந்த தகட்டு உறையின் மேல் டார்ச் அடித்தாள். ஆய்வுக்கு ஆள் வருகிறது என்றால் இந்த ஆலையில் முதலில் வருவது பெயிண்டர்தான். மூன்று வாரத்துக்கு முன்பு உறை, ஸ்க்ரூ என்று எதையும் விடாமல் வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். ஆய்வு நடந்தது போன செவ்வாய். ஆனால் எந்த ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு கீறல்கூட இல்லை.

உறையை யாரும் கழற்றவே இல்லை!

ரிப்போர்ட்டிலோ, உறைக்குள் பன்னிரண்டு இடங்களில் அளந்த இரும்பின் கனம், புள்ளி பிசகாமல் அச்சாகியிருந்தது.

அழுத்தமானியின் முள் இரண்டு கிலோவைத் தாண்டியது. பத்து வரை போகும்; இரும்பு தேய்ந்திருந்தால் அதற்குள் வெடிக்கும். முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

ஓடினாள்.

மேனேஜர் திலீப் டீயில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"மறுபடியும் அந்தக் காலித் ஆளைக் கூப்பிடணும். அதானே?"

போன மாதம் இதே மேஜையில் ஆய்வுக்கான இரண்டு கொட்டேஷன்கள் கிடந்தன. காலித்தின் கம்பெனி ஆறு நாள் கேட்டது. குக்கரை நிறுத்தி, ஆறவைத்து, உறையை உரித்து, துருவைச் சுரண்டி அளக்க வேண்டும். அதோடு, போன வருடம் அளந்தவரின் பெயரும் போன் நம்பரும் வேண்டும் என்று ஒரு கடிதம். "பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி விசாரிக்கிறான்" என்று திலீப் சிரித்தார். கல்மண்டபத்தில் ஒரு மாடி அறையில் இயங்கும் இன்னொரு கம்பெனி, அரை நாள் போதும், எதையும் நிறுத்த வேண்டாம் என்றது.

காலித்துக்காக அவள் தொண்டை வறளப் பேசினாள். திலீப் அவளுடைய சார்ட்டையே எடுத்து அவள் முன்னால் போட்டார். எட்டு வருடத்து அளவுகளை வைத்து அவள் வரைந்த கோடு. வருடத்துக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் தேய்மானம். இன்னும் நாலு வருடம் தாங்கும். "நீங்க போட்ட கணக்குதானே? அப்புறம் எதுக்கு ஆறு நாள்?" வேலை கல்மண்டபம் கம்பெனிக்குப் போனது.

இன்றும் அதே சார்ட்.

"இந்த வருஷத்து அளவு பொய்யாவே இருக்கட்டும். போன வருஷத்து அளவு இருக்கில்ல? ஒரு வருஷத்துல ஓட்டையா விழுந்துடும்? வெள்ளிக்கிழமை கப்பல். போங்க."

"சைரன் அடிச்சிருவேன் சார்."

"அடிங்களேன். போன மாசம்கூட டெஸ்டிங்னு அடிச்சீங்க. எல்லாரும் வெயில்ல நின்னு திரும்பி வந்தாங்க. இந்தத் தடவை எத்தனை பேர் எந்திரிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

அடித்தாள். காது கிழிய அலறியது. பேக்கிங் ஷெட்டின் வாசலுக்கு வந்தது ரமாபாய் மட்டும்தான்.

"இன்னாடி, மறுபடியும் டெஸ்டிங்கா?"

"நெஜம்மா. எல்லாரையும் இட்டுக்கினு கேட்டுக்கு ஓடு!"

"போன தபா ஓடுனதுக்கே சூப்ரவைசரு அரை நாள் கூலிய புடிச்சிக்கினான். அவன் சொல்லாம எவளும் வரமாட்டா."

"அப்ப நீயாவது வாம்மா."

ரமாபாய் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் மட்டுமா? உள்ள கீற பதினோரு பேருக்கு யாருடி பொண்ணு?"

கதவு மூடிக்கொண்டது. சைரனையும் யாரோ நிறுத்திவிட்டார்கள்.

அவள் மறுபடி படியேறியபோது முள் எட்டில் நின்றது. சிலுவைமுத்துவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சரிண்ணே. போன வருஷம் பதினோரு மில்லிக்கு மேலயே இருந்துது. அந்த ஒரு அளவு நெஜமா இருந்தா போதும், தாங்கிடும்."

அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"செவ்வாக்கிழமை வந்தவன் மேலயே ஏறலம்மா. கேன்டீன்ல குந்திகினு நம்பரு கேட்டான். எப்பவும்போல நான்தான் சொன்னேன்."

"எப்பவும்போலன்னா?"

முள் எட்டரை.

"எட்டு வருசத்துக்கு முன்ன வந்தவரோட மிசின்ல பேட்டரி பூட்ச்சு. இன்னொரு நாள் வந்தா குக்கரை நிறுத்தணும், பேக்கிங் பொம்பளைங்களுக்கு வேலை பூடும். நீயே ஒரு நம்பரு சொல்லுய்யான்னாரு. சொன்னேன். அப்பால வந்தவனுங்க அத்தனை பேரும் எங்கிட்டயே கேட்டானுங்க. ஒரே நம்பரா இருந்தா டவுட்டு வரும்னு வருசத்துக்கு ஒரு புள்ளி கொறைச்சிக்கினே வந்தேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பன்னெண்டு, பதினொண்ணு சொச்சம், எல்லாம் என் வாயில வந்த நம்பரும்மா. எட்டு வருசமா இத்த ஒருத்தனும் அளந்ததேயில்ல."