காலிப் படுக்கைக்கு நாடி எழுபத்திரண்டு

ஆண்கள் வார்டுக்கு நர்ஸ் பயிற்சிக்கு வந்த இரண்டே வாரத்தில் அவளுக்கு 'ஆமை' என்று பெயர் விழுந்துவிட்டது. இருபது படுக்கைக்கும் காய்ச்சல், நாடி, பி.பி. பார்த்து எழுத அவளுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரு வருடம் மூத்த மாணவி ஒருத்தி அதே வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அவளுக்கு 'மின்னல்' என்று பெயர். "அவளைப் பாத்துக் கத்துக்கோ" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆமையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள், சூட்சுமம் பிடிபடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பிடிபட்டது. பன்னிரண்டாம் படுக்கைக்காரர் முந்தின நாளே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். படுக்கையில் விரிப்புகூட இல்லை. வார்டு நோட்டிலோ அன்று காலை அவருக்கு நாடி 72, பி.பி. 120/80 என்று மின்னலின் முத்து முத்தான கையெழுத்து!

ஆமைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏழாம் படுக்கைக்காரரைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. வயிற்றில் ஆபரேஷன் ஆன முடிதிருத்துபவர் அவர். நோட்டில் காய்ச்சல் இல்லை. ஆளோ இரண்டு போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். தெர்மாமீட்டர் வைத்தாள். நூற்றிரண்டு.

"மூணு நாளா காலைல ஒரு பொண்ணு வந்து மொகத்தை மட்டும் பாத்துட்டுப் போகுதும்மா," என்றார் அவர். "ஜோசியம் பாக்குதோன்னு நெனச்சேன்."

ஆமை ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். தையலுக்குள் சீழ் கட்டியிருந்தது. டாக்டர் அதற்கு வேண்டியதைச் செய்த பிறகுதான் ஆமை மின்னலைத் தேடிப் போனாள்.

"நார்மல்னு எழுதினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கடி. எல்லாருக்கும் நிம்மதி," என்றாள் மின்னல்.

"ஏழாம் நம்பருக்கு நிம்மதியா இல்லக்கா. நூத்திரெண்டு."

மின்னலின் முகம் சுண்டிப்போனது. "போட்டுக் குடுக்கப் போறியா?"

"நீங்களே சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

மத்தியானம் வந்தது. மின்னல் வாயைத் திறக்கவில்லை. ஆமை குளியலறைக் கண்ணாடி முன்னால் நான்கு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத் தலைமை சிஸ்டர் முன்னால் போய் நின்றாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் பறந்துவிட்டது.

"சிஸ்டர், பன்னெண்டாம் படுக்கைல யாருமே இல்ல. ஆனா நல்லா இருக்காங்க."

சிஸ்டர் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நோட்டைப் பார்த்தார். மின்னலைக் கூப்பிட்டுப் பன்னிரண்டாம் படுக்கை அருகே நிறுத்தினார்.

"என் கண்ணு முன்னாடி பி.பி. பாரு."

"யாருக்கு சிஸ்டர்?"

"காலைல பாத்தியே, அவருக்குத்தான்."

மின்னல் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் மெத்தையையே பார்த்தாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். ஏழாம் படுக்கைக்காரரிடம் அவளே போய் மன்னிப்புக் கேட்டாள். கல்லூரிக்குத் தகவல் போனது. இரண்டு மாதம் அதே வார்டில், சிஸ்டரின் கண் முன்னால் மறுபடி பயிற்சி என்று தீர்ப்பானது.

விடுதியில் ஒரு வாரம் ஆமையோடு யாரும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டால்கூட எல்லோருக்கும் திடீரென்று காது மந்தமாகிவிடும். அழுகை வரும், உப்பில்லாமலே விழுங்கிவிட்டு எழுந்துபோவாள்.

எட்டாம் நாள் காலை. வார்டின் கோடியிலிருந்து மின்னல் கை நீட்டி அழைத்தாள். ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏய், இங்க வாயேன். விட்டு விட்டு அடிக்குதுடி. எனக்குத்தான் அப்படித் தோணுதா? நீயும் பாரு."

ஆமை இன்னொரு கையைப் பிடித்தாள். பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்க்க, இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்து உதடசைத்து எண்ணத் தொடங்கினார்கள்.