மஸ்கட்டுக்குக் கட்டிய கம்பி

இரைச்சலுக்கு அடியில் யாரோ பேசுகிறார்கள், ஆயிரம் மிக்சிகள் ஒரே நேரத்தில் தேங்காய் அரைக்கிற இரைச்சல், அதற்கும் அடியில், கிணற்றில் விழுந்த செம்பு, தேடி இறக்கிய பாதாளக்கொலுசில் தட்டுப்படுகிற மாதிரி ஒரு குரல், இதோ, இல்லை, நழுவிவிட்டது, குமிழை மயிரிழை திருப்புகிறேன், மூச்சைக்கூடப் பாதிதான் விடுகிறேன், அரபியில் ஒருவன் எதையோ வாசிக்கிறான், எனக்கு அரபியில் ஒரு சொல் தெரியாது, தெரியவும் வேண்டாம், அவன் வாசிப்பது இந்த நிமிஷம் மஸ்கட்டில் ஓர் அடுக்களையில் கேட்டுக்கொண்டிருக்கிறது, அந்த அடுக்களையில் உலகம்மை நிற்கிறாள், எனக்கு அது போதும்.

உலகம்மை என் மனைவி, மகள் பகவதியின் பிள்ளைப்பேற்றுக்கென்று மூன்று மாதக் கணக்கில் போனவள், பேரன் பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறான், அவள் வந்தபாடில்லை, தினமும் கைப்பேசியில் முகம் பார்க்கிறோம், என்னத்தைப் பார்க்கிறோம், பாதி நேரம் பேரன் கைப்பேசியை நக்குகிறான், மீதி நேரம் அந்த வீட்டு மின்விசிறி தெரிகிறது, மஸ்கட் மின்விசிறியை என்னைப் போல் அணு அணுவாக அறிந்தவன் பாளையங்கோட்டையில் கிடையாது, சாப்பிட்டியளா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டியளா, போட்டேன், அதற்குள் பிள்ளை அழும். ஒருநாள் அப்படி விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது, யார் அது என்றேன், அடுக்களைல ஒரு ரேடியோ கெடக்கு, சாயங்காலம் தேயிலை போடயில ஒருத்தன் வாசிக்கான், ஒரு எழவும் புரியல, ஆனா வீட்ல ஆள் இருக்க மாதிரி இருக்கு என்றாள், ஆள் இருக்கிற மாதிரி என்று அவள் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இங்கே என்னைச் சுற்றி நான்கு அறைகள், ஒன்றிலும் ஆள் இருக்கிற மாதிரி இல்லை.

அந்தக் காலத்தில் இப்படியில்லை, வீட்டில் இல்லாத ஆள் நானாகத்தான் இருந்தேன், சரக்கு ரயிலில் கார்டு வேலை, ஐம்பது பெட்டிக்குப் பின்னால் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியும் நானும், மணியாச்சியில், கடம்பூரில், எதிரே வருகிற ரயிலுக்கு வழிவிட்டுக் கிடக்கிற நேரங்களில் ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துவைத்து, கைப்பிடிக் கம்பியிலிருந்து வேலிமரம் வரை ஒரு வயரை இழுத்துக் கட்டினால் உலகம் முழுவதும் வரிசையில் வந்து நிற்கும், வீட்டுக்கு வந்ததும் அளப்பேன், நேத்து வடதுருவத்துல பேசுனான் உலகம்மை, பக்கத்துல பனிக்கரடி இருமுறது எனக்குத் தெளிவாக் கேட்டுது, அவள் அரிசி களைந்துகொண்டே நிமிராமல் சொல்வாள், அந்தக் கரடிக்கு ரெண்டு மொளகு தட்டி ரசம் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க. எப்போது வருவீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, வண்டி என்றைக்கு எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியாது, அவள் எப்படித்தான் அத்தனை வருஷம் இருந்தாள், இந்த நான்கு அறைகளில், என்ன செய்துகொண்டு இருந்திருப்பாள்.

இப்போது பகவதி திரும்ப வேலைக்குப் போக வேண்டும், இன்னும் ஒரு வருஷம் அம்மா இருக்கட்டும் என்கிறாள், விசா நீட்டிக்கத் தாள் கொடுக்க வேண்டும், நான் என்ன சொல்லட்டும் என்று உலகம்மை கேட்டாள், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, இரு, தாராளமா இரு, நான் இங்க மகாராஜா மாதிரி இருக்கேன் என்றேன், மகாராஜா அன்றைக்கு அடிப்பிடித்த உப்புமாவைக் கரண்டியால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார், அவள் சரி என்றாள், மறுபடி ஒருநாள் கேட்டாள், அன்றைக்கு மகாராஜாவுக்கு நான்கு யானைகளையும் சேர்த்துச் சொன்னேன், அதற்கும் சரி என்றாள்.

அவள் பேச்சு வேண்டும், அது கிடைக்காவிட்டால் அவள் கேட்கிற சத்தமாவது வேண்டும், அதற்குத்தான் ஞானதிரவியத்திடம் போனேன், எங்கள் ஊர் வானொலி நேயர் கூட்டத்தில் பழைய கை, என்னைவிடப் பெரிய புளுகன், அவன் காட்டிய பெட்டிகளில் ஒன்று சோப்புப்பெட்டி அளவு, உள்ளங்கையில் காணாமல் போய்விடும், ஒன்றைக் கணினியில் சொருக வேண்டும், அதில் நிலையங்கள் மலைத்தொடர் மாதிரி படமாக ஓடும், எனக்குக் காதுக்குத்தான் பசி, கண்ணுக்கு இல்லை, மூன்றாவது பழைய மேஜைப் பெட்டி, அதன் குமிழ்களை எண்ணி முடிப்பதற்குள் ஒரு தீபாவளி போய்விடும், அதைத் தூக்க ஆள் வைக்க வேண்டும், கடைசியில் செங்கல் அளவில், பேட்டரியில் ஓடுகிற, சிற்றலை நன்றாகப் பிடிக்கிற ஒன்றைத் தேர்ந்தேன், ஞானதிரவியம் உதட்டைப் பிதுக்கினான், பொட்டி என்ன பொட்டிவே, கம்பிதாம்வே காது, காதைப் பெருசாக் கட்டும். கட்டினேன், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியிலிருந்து பின்வீட்டுத் தென்னைவரை, இரைச்சல்தான் பெரிதாயிற்று, இன்னும் நீட்டும் என்றான், நீட்டினேன், தெருமுனை வேம்புவரை, அதன் மறுநுனி சங்கரன்கோவிலில் இருப்பதாக ஊரில் பேச்சு, ஜில்லாவின் அத்தனை காக்கைகளும் அதில் மாநாடு போட்டன, கம்பி நீள நீள இரைச்சலும் கூடவே வளர்ந்தது, அடியில் அந்தக் குரல் மட்டும் அப்படியே, நூலிழையாக, காது பெருசானா எரைச்சலும் பெருசாத்தாம்வே கேக்கும், இன்னும் நீட்டும் என்றான் அவன்.

நேற்று விளக்கு வைக்கும் நேரம், கரண்ட் போயிற்று, தெருவே போயிற்று, பெட்டி மட்டும் பேட்டரியில் விழித்திருக்கிறது, அந்த ஆயிரம் மிக்சிகளும் ஒரே கணத்தில் நின்றுபோக, பளிங்கு மாதிரி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அந்த அரபிக்காரன், அவன் பக்கம் புரட்டுகிற சத்தம், எச்சில் விழுங்குகிற சத்தம், இருட்டில் என் வீடு மெல்ல நகரத் தொடங்குகிறது, நான் கடைசிப் பெட்டியில் இருக்கிறேன், எனக்கு முந்தின பெட்டி அந்த அடுக்களை, ஜன்னல் வழியே தெரிகிறது, அவள் முதுகு தெரிகிறது, தேயிலை கொதிக்கிறது, தொட்டுவிடலாம், கொடியை ஆட்டினால் திரும்பிப் பார்ப்பாள், ஆட்டுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது, இரைச்சலும் வந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது, இரைச்சல் வானத்தில் இல்லை, என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, நான் அதைப் பிடிக்கத்தான் சங்கரன்கோவில்வரை கம்பி இழுத்திருக்கிறேன், குளிர்பெட்டியை அணைத்தேன், போகவில்லை, டியூப்லைட், விசிறி, சார்ஜர், ஒன்றொன்றாக அணைத்தும் போகவில்லை, கடைசியில் பூஜை அலமாரிக்குள் மின்விளக்கு, குத்துவிளக்கு மாதிரிப் பிளாஸ்டிக்கில் செய்து, பொய்ச்சுடர் நடுங்குகிற ஒன்று, சுவிட்சை அமுக்கினேன், வீடு அமைதியாயிற்று. அது உலகம்மை புறப்படுவதற்கு முன்னால் ரதவீதியில் வாங்கி மாட்டியது, நீங்க எண்ணெ ஊத்தித் திரி போட்டு ஏத்த மாட்டிய, எனக்குத் தெரியும், இதையாவது அணைக்காதிய, நான் வர்றவரைக்கும் வீட்ல வெளக்கு எரியட்டும், அப்படித்தான் சொன்னாள், உடனே மறுபடி போட்டுவிட்டேன், ஆயிரம் மிக்சிகள், அணைத்தேன், அரபிக்காரன், போட்டேன், சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, அவள் விளக்கா, அவள் அடுக்களையா.

இன்றைக்கு மத்தியானமே பரணிலிருந்து பித்தளை விளக்கை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பஞ்சில் திரி திரிக்க உட்கார்ந்தேன், திரி என்பது இத்தனை சூழ்ச்சியுள்ள வஸ்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒன்று புழு மாதிரி நெளிந்தது, ஒன்று மீசையாயிற்று, ஒருவழியாகச் சுண்டுவிரல் தடிமனில் ஒன்று உருவாயிற்று, இருட்டத் தொடங்கியதும் ஏற்றினேன், எரிகிறது, பிறகுதான் மின்விளக்கை அணைத்தேன், பெட்டியைத் திறந்தேன், அவன் வாசிக்கிறான், கைப்பேசி அடிக்கிறது, உலகம்மை, அதிசயமாக அவள் முகம் மட்டும், பிள்ளை தூங்குகிறானாம். அவளுக்குப் பின்னாலும் அவன்தான், என் பெட்டியில் ஒரு வாக்கியம் முடிகிறது, அதே வாக்கியம் அரை மூச்சு பிந்திக் கைப்பேசியில் முடிகிறது, வானத்தில் வருவது முந்திக்கொள்கிறது, அவளிடமிருந்து வருவது பின்தங்கி வருகிறது, கடலின் அகலம் அந்த அரை மூச்சில் எனக்குக் கேட்கிறது, அங்கயும் அவந்தான் வாசிக்கானா என்று கேட்டவள் சட்டென்று நிறுத்திவிட்டாள், என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாள், அந்த வெளக்க யாரு ஏத்துனது.

நான்தான் என்றேன், அவள் எழுந்து போனாள், அவள் பக்கத்து ரேடியோ டக்கென்று நின்றது, வாக்கியங்கள் இப்போது ஒருமுறைதான் முடிகின்றன, திரும்பி வந்து உட்கார்ந்தாள், நாளைக்குத் தாளு குடுக்கணும், இப்பச் சொல்லுங்க, நான் என்ன சொல்லட்டும். மகாராஜா தொண்டைவரை வந்துவிட்டார், யானைகளோடு, அம்பாரியோடு, இந்தத் தடவை ஒட்டகங்களும் இருந்தன, எல்லோரையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, வந்துரு உலகம்மை என்றேன்.

நானும் என் பெட்டியை அணைத்தேன், இரைச்சல் இல்லை, அரபியும் இல்லை, அதன் அடியில் யாரோ மூச்சு விடுகிறார்கள், மூக்கை உறிஞ்சுகிறார்கள், கடலுக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்கிறார்கள், திரிய இம்புட்டுத் தடியாவா திரிப்பாங்க, செவரு பூரா கரியாப் போவும், தொடாதிய, நான் வந்து பாக்கேன்.