நடுவில் ஆம்ப்ளி இல்லாமல்

மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. மணமேடையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயர் நிறுத்திவிட்டு மைக்கை முறைத்தார். தாலி கட்டப்போகிற நேரம். கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. மைக் செட் போட்ட கொளஞ்சியப்பன் மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இந்த ஜனங்களுக்குத் திடீரென்று என்ன வந்தது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பந்தி பரிமாறுகிற ஆள் ஒருத்தர் ஓடி வந்து, "மைக்கு கத்துதுய்யா" என்று தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் குமிழைத் திருகினார். எதைத் திருகினால் அடங்கும் என்பது கைக்குத் தெரியும். அடங்கியதா இல்லையா என்பது ஜனங்கள் காதிலிருந்து கையை எடுத்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பந்தி முடிந்து அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மண்டப மேனேஜர் பாலகிருஷ்ணன் வந்தார். கோபப்படுகிற மனுஷர் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருக்கலாம்.

"தொடர்ந்து இதே கூத்தா இருக்குதுங்க. பொண்ணு வூட்டுக்காரங்க என்னயப் புடிச்சுக்கறாங்க. தை கடைசி முகூர்த்தம் ஞாயித்துக்கெழம வருது. அன்னிக்கும் கத்துச்சுன்னா நான் நெய்வேலிலேருந்து வேற செட்டு சொல்லிடுவேன். வருத்தப்படாதீங்க."

"ஆம்ப்ளிதாங்க. அதுக்கும் வயசாவுதில்ல," என்றார் கொளஞ்சியப்பன்.

"எதுவோ. பாத்து சரி பண்ணிக்குங்க."

விருத்தாசலத்தில் அந்த மண்டபம் ஒன்றுதான் அவருக்கு நிரந்தரமான வேலை. சில்லறை வேலைகளை எல்லாம் புதிதாக வந்த பையன்கள் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மண்டபமும் போய்விட்டால் கொளஞ்சி சவுண்டு சர்வீஸ் என்று எழுதிய பலகையைக் கழற்றி அடுப்புக்குத்தான் வைக்க வேண்டும்.

மைக் செட் வேலையில் பழுது கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அவர் மைக்கை மாற்றிப் பார்த்தார், பக்கத்தில் நின்றவர்கள் அப்போதும் காதைப் பொத்தினார்கள். ஒயரை மாற்றினார். பெட்டியை மாற்றினார். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் மெக்கானிக் தர்மராஜிடம் தூக்கிக்கொண்டு போனார். அவன் திறந்து பார்த்து, ஊதி, மூடி, "ஒன்னுமே இல்லீங்க, நல்லாத்தான் ஓடுது" என்று கையில் கொடுத்துவிட்டான். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. கழற்றாமல் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. தன் காதுதானோ என்ற அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மனைவி அம்புஜவல்லி தண்ணீர் பிடிக்கப் போனால், திரும்பி வந்து, "விசில் வந்துச்சாங்க?" என்று கேட்பாள். அவர் முழிப்பார். சோறு குழைந்திருக்கும்.

ஆம்ப்ளியே நடுவில் இல்லாமல் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். மச்சினன் சவூதியிலிருந்து வந்தபோது கொடுத்த சிடி வாக்மேன் ஒன்று பீரோவில் கிடந்தது. நல்ல ஹெட்போன் ஒன்று வேண்டும். மட்டமானதாக இருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிடலாம், அதனால் உசத்தியானதாக இருக்க வேண்டும். தனியாக ஆம்ப்ளி கேட்காமல் வாக்மேனில் நேரே செருகினால் ஓட வேண்டும். அதில் சத்தம் சுத்தமாகக் கேட்டுவிட்டால் காதுமேல் குற்றமில்லை. அப்புறம் ஆம்ப்ளியை ஒரு கை பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட சாமான் மங்கலம்பேட்டையில்தான் கிடைக்கும். அந்த ஊரில் பாதிப் பேர் அரபு நாட்டில் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் பாதி ஜபருல்லா கடைக்கு வந்து சேரும். சுனாமிக்கு மறு வருஷத் தை மாதம் அது. வெயில் இன்னும் ஏறவில்லை என்றாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொளஞ்சியப்பனுக்கு அலுப்பாக இருந்தது. பையில் வாக்மேனும் ஒரே ஒரு சிடியும். எல்லாக் கல்யாணத்திலும் அவர் போடுகிற நாகஸ்வர சிடி. நாகஸ்வரம், தவில், அதோடு தாளம் என்கிற அந்தச் சின்ன வெண்கலத் தட்டு. தாளக்காரர் முதலிலிருந்து கடைசிவரை ஜல் ஜல் என்று விடாமல் தட்டிக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் ஓங்கித் தட்டுவார், எந்த இடத்தில் மெதுவாகத் தட்டுவார் என்பதெல்லாம் கொளஞ்சியப்பனுக்கு மனப்பாடம்.

ஜபருல்லா முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று பெரிய மெத்தை வைத்த ஒன்று. "இதவிட உசத்தி கடையில இல்லண்ணே."

கொளஞ்சியப்பன் அதைத் திருப்பி, ஓரத்தில் பொடியாக எழுதியிருந்ததைக் கண்ணருகே வைத்துப் படித்தார். "முந்நூறு ஓம்ஸு போட்டுருக்குது பாய். இந்தச் சின்ன வாக்மேன் இத எப்படி இழுக்கும்? மாட்டுவண்டியில லாரியக் கட்டுன கதைதான்." இருந்தாலும் மாட்டிப் பார்த்தார். நாகஸ்வரம் அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல வந்தது. கழற்றி வைத்துவிட்டார்.

இரண்டாவது பஞ்சு வைத்தது. சத்தம் வந்தது, ஆனால் பஸ் ஹாரனும் கூடவே வந்தது. மூன்றாவது காதை முழுக்க மூடுகிற கறுப்பு ஹெட்போன். வாக்மேன் இழுக்கிற முப்பத்திரண்டு ஓம்ஸ். செருகியதுமே மண்டை நிறைய நாகஸ்வரம் வந்து உட்கார்ந்தது. தவில் நெஞ்சில் இடித்தது. கொளஞ்சியப்பனுக்கு முகம் மலர்ந்தது. ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவர், தனக்கென்று ஒரு பாட்டைக்கூட இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. கொஞ்ச நேரம் ஆனந்தமாகக் கேட்டுவிட்டுத் தாளத்தைத் தேடினார். காணோம். ஒலியைக் கூட்டினார். நாகஸ்வரம் கூடியது, தவில் கூடியது. தாளம் வரவில்லை.

"மந்தமா இருக்குது பாய். தாளம் எங்க?"

ஜபருல்லா வாங்கி மாட்டிக்கொண்டார். "ஜல்லு ஜல்லுன்னு கேக்குதேண்ணே."

"அது வேற சத்தமா இருக்கும். ஒங்களுக்குப் பழக்கமில்ல."

ஜபருல்லா ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்து நீட்டினார். எடுத்துக்கொண்டு போய் வீட்டில் கேட்டுப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருகிறேன் என்றார். வீட்டிலும் தாளம் வரவில்லை. கொளஞ்சியப்பன் மறுபடி பஸ் ஏறினார். ஜபருல்லா இந்த முறை உள்ளே போய், தம்பி குவைத்திலிருந்து தனக்கென்று வாங்கி வந்ததையே எடுத்துக்கொண்டு வந்தார். ஓம்ஸும் சரி, கட்டுமானமும் சரி, ஒரு குறை சொல்ல முடியாத சாமான். கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாகஸ்வரத்தில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தாளம் மட்டும் இல்லை. தாளக்காரர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்போல.

கண்ணைத் திறந்தபோது ஜபருல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் ஒன்னு சொன்னா..."

"சொல்லுங்க பாய்."

"ஒன்னுமில்லண்ணே. டீ சொல்லட்டுமா?"

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். அந்த டீயை ஏன் வாங்கிக் கொடுத்தார் என்று கொளஞ்சியப்பன் யோசிக்கவே இல்லை. யோசிக்கப் பயந்தார் என்பதுதான் நிஜம். ஹெட்போனைப் பையில் வைத்துக்கொண்டு, இடமில்லாத பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

அம்புஜவல்லி வேலை விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வாழ வந்த வருஷத்திலிருந்தே செராமிக் கம்பெனியில் வேலை. தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை மண்தூள். கை கழுவக்கூட விடாமல் அவள் தலையில் ஹெட்போனை மாட்டினார்.

"தாளம் கேக்குதா பாரு. பொய் சொல்லாத."

அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைபோல நின்றார் அவர். வெகுநேரம் கழித்துக் கழற்றினாள்.

"ஆமாங்க. தாளம் சரியா கேக்கல."

கொளஞ்சியப்பன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. "அதான. நான் சொல்லல? இந்த வாக்மேனும் சரியில்ல, ஆம்ப்ளியும் சரியில்ல. ரெண்டு ஆம்ப்ளியையும் வந்த வெலைக்கு வித்துட்டு மெட்ராஸ் போறேன். ரிச்சி தெருவுல புதுசா ஒன்னு எடுத்தாந்துடறேன். ஞாயித்துக்கெழம பாலகிருஷ்ணன் வாயப் பொளக்கணும்." அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். அவள்தான் சரியாகச் சாப்பிடவில்லை. அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு டீ கப்புகளை எடுத்து, தரையில் விரித்திருந்த செய்தித்தாள்மேல் வைத்தாள். ஒரு கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல எது நல்ல கப்புன்னு தட்டிப் பாத்து சொல்லுங்க."

அவள் நாளெல்லாம் செய்கிற வேலை அது. சூளையிலிருந்து வருகிற கப்பை ஒரு கையில் ஏந்தி, சின்னக் குச்சியால் தட்டுவாள். ணங் என்றால் நல்லது. டொக் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, ஓரமாகப் போய்விடும்.

"எனக்கு எதுக்கு ஒன் வேல?"

"சும்மாதான். சொல்லுங்க."

ஒன்றைத் தட்டினார். டொக். இன்னொன்றைத் தட்டினார். அதுவும் டொக். "ரெண்டும் ஒடசல்தான். இதப் போயி எதுக்குத் தூக்கிட்டு வர?"

அம்புஜவல்லி எழுந்தாள். அடுப்பிலிருந்த டீயை இறக்கி இரண்டு கப்பிலும் ஊற்றி, பழையபடி செய்தித்தாள்மேல் வைத்தாள். எதிரில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் கப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறியது. பிறகு அவள் ஒரு கப்பைத் தூக்கினாள். அடியில் காகிதம் வட்டமாக நனைந்து ஊறிப்போயிருந்தது. இன்னொன்றைத் தூக்கினாள். காகிதம் காய்ந்தே இருந்தது. கப்பின் அடியைக் கட்டைவிரலால் தடவி, விரலை அவரிடம் காட்டினாள்.

"இது நல்ல கப்புங்க. மேல புள்ளி வுழுந்துருக்குதுன்னு எங்களுக்குக் குடுத்துட்டாங்க. தட்டுனா மணி அடிக்கற மாதிரி கேக்குது." தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

கொளஞ்சியப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றியது. கரண்டியை எடுத்து நல்ல கப்பை இன்னொரு முறை தட்டினார். டொக். கரண்டியைக் கீழே வைத்தார்.

"நேத்து... ஒனக்குத் தாளம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நல்லாவா?"

"நல்லாத்தான் கேட்டுச்சு. நீங்க அப்படி மொகத்த வெச்சுக்கிட்டு நின்னீங்க. எனக்கு சொல்ல வாய் வரல. அப்பறம் ரெண்டு ஆம்ப்ளியையும் விக்கறேன்னு சொன்னீங்க. ராவெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு."

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கிற தெம்புகூட இல்லை. மரத்தில் குழாய் ரேடியோ என்கிற கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிற காலத்திலிருந்து, ஊர் கேட்க வேண்டும் என்று அந்தக் குழாயின் வாய்க்கு நேரே நின்றவர். காசை யாரும் தின்றுவிடவில்லை, பேரை யாரும் கெடுத்துவிடவில்லை. காதைத்தான் கொடுத்திருக்கிறார், கொடுத்தது தெரியாமலேயே. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல கப்பிலிருந்த ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

"அந்த பாய்க்கும் தெரிஞ்சிருக்குது," என்றார். "அதான் டீ வாங்கிக் குடுத்துருக்காரு."

"ஞாயித்துக்கெழம நானும் மண்டபத்துக்கு வரேன். பக்கத்துலயே நிக்கறேன். கத்த ஆரம்பிச்சா ஒங்க கைய அமுக்கறேன், நீங்க கொறச்சுக்குங்க."

"வாரத்துல ஒனக்கு அந்த ஒரு நாள்தான லீவு."

"அதுக்கு என்னா பண்றது?"

அவளுடைய கணுக்கால் வீங்கியிருந்தது. நாள் முழுக்கச் சூளைப் பக்கம் நிற்கிற கால். ஞாயிற்றுக்கிழமையும் இனி அது நிற்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சொல்ல முடியவில்லை. அவள் வராமல் முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த வெட்கம் அழுகையைவிடக் கனமாக இருந்தது.

"ஹெட்போன நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்," என்றார். "நல்ல சாமான்தான். ஆம்ப்ளி இல்லாமயே ஓடுது. அதுமேல ஒரு குத்தமும் இல்ல."

"குடுங்க, ஒரு தரம் கேட்டுட்டுத் தரேன். நேத்து எங்க கேட்டேன்? ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவரே மாட்டிவிட்டார். அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் முழங்கால்மேல் கிடந்த அவள் விரல் மெல்ல எழுந்து விழ ஆரம்பித்தது. கொளஞ்சியப்பன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே ஓங்கித் தட்டுவார், எங்கே மெதுவாகத் தட்டுவார் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த தாளம், ஒன்றுகூடத் தப்பாமல் அந்த விரலில் விழுந்துகொண்டிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது, சத்தத்தைக் கூட்டட்டுமா என்று குமிழைத் தொட்டு ஜாடை காட்டினார். வேண்டாம், இதுவே போதும் என்று அவள் தலையசைத்தாள்.