பீரோ ஓரம்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய கேமரா கடை அது. பாதிப் படியிலேயே இம்தியாஸ் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டான். பின்னால் வந்த மனைவி ஷாஹிஸ்தா அவன் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். கல்யாண மண்டபங்களில் நின்று நின்றே தேய்ந்த முழங்கால் அது.

ராசிபுரத்தில் அவர்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. மண்டபத்து வேலையெல்லாம் அவன் பாடு. முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்கள் இருக்கிற அறைக்குள் அவன் நுழைய முடியாது. அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஷாஹிஸ்தா போவாள். சுற்றுவட்டாரத்தில் அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான்.

கடைக்காரர் மாரியப்பன் இரண்டு லென்ஸுகளைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். "ஒண்ணு அகலம், ஒண்ணு தூரம். ரெண்டையும் எடுத்துக்கங்க சாமி. கவலையே இல்ல."

"ரெண்டுக்கும் வசதி இருந்தா பஸ்ஸுலயா வந்திருப்போமுங்க?" என்றான் இம்தியாஸ்.

தூரத்து லென்ஸ் பழையது. ஆனாலும் பளபளவென்று இருந்தது. "ஒரு வாத்தியார் பறவை படம் எடுக்க வாங்குனது. பனமரத்துப்பட்டி ஏரியில நாலு கொக்கை எடுத்தாரு, அலுத்துப்போச்சு. உள்ள பூஞ்சை இல்ல, கை நடுங்குனாலும் படம் நடுங்காது."

"மண்டபத்து வெளிச்சம் பத்துமா?"

"மேடைக்குப் பத்தும். பந்திக்குப் பத்தாது. வெலைக்குத் தக்க வெளிச்சமுங்க."

இம்தியாஸ் அதைக் கேமராவில் மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தான். "ஷாஹி, உக்காந்த எடத்துல இருந்தே கண்டக்டரோட பல்லு தெரியுது."

அவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டே மேடையை எடுத்துவிடலாம்.

அவள் அகல லென்ஸை மாட்டினாள். கடையின் இரண்டு பக்கச் சுவரும், மேலே டியூப்லைட்டும், கீழே அவள் வைத்த பையும் ஒன்றாக உள்ளே வந்துவிட்டன.

"ஓரத்துல நிக்கறவங்க மொகம் கொஞ்சம் இழுத்தாப்புல வரும்" என்றார் மாரியப்பன். "முக்கியமானவங்கள நடுவுல நிறுத்திருங்க, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். நடுவில் யாரை நிறுத்துவது என்பதுதான் அப்போது அவள் மனதில் ஓடியது.

மரக்கடை ஷஃபியுல்லா வீட்டில் போன வருஷம் மகன் பயாஸுக்குக் கல்யாணம். பெண்கள் பக்கத்துப் படங்களில் பாதிப் பேர் விட்டுப்போயிருந்தார்கள். சின்ன அறை, கதவில் முதுகு முட்ட நின்றுதான் அவள் எடுத்தாள். பழைய லென்ஸுக்கு அவ்வளவுதான் கொள்ளும். "வந்தவங்க எல்லாம் நாங்க படத்துல வரலையான்னு கேக்கறாங்க. இந்தத் தடவை எல்லாரும் வரணும். இல்லன்னா சேலத்துல வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று ஷஃபியுல்லா சொல்லியிருந்தார். இப்போது அவர் மகள் ஹஃப்சாவின் நிக்காஹ். அந்த வீடு போனால் அவர்கள் சொந்தபந்தமும் கூடவே போய்விடும்.

இம்தியாஸ் கொக்கு லென்ஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். "அகலத்தையே கட்டிக் குடுங்க" என்றான். பஸ்ஸில் ராசிபுரம் வரைக்கும் காலை நீட்டி வைத்துக்கொண்டு தூங்கினான்.

நிக்காஹ் அன்று ஷஃபியுல்லா வீட்டு மாடி அறையில் மூச்சுவிட இடமில்லை. அந்த வீட்டில் பெண்கள் அறைக்குள் யாரும் போனை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். உள்ளே நுழைகிற ஒரே கேமரா ஷாஹிஸ்தாவுடையது. எங்கே போனாலும் அவள் முதலில் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. அன்றும் சொன்னாள்.

"படத்துல வர வேண்டாங்கறவங்க பீரோ ஓரமாப் போயிருங்க."

எல்லா வீட்டு அறையிலும் ஒரு பீரோ இருக்கும். அவள் நிற்கிற கோணத்துக்கு அந்த ஓரம் வராது. அங்கே முக்காட்டை இறக்கிவிட்டுக் காற்று வாங்கலாம், குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், யாரையும் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். அந்த நம்பிக்கையில்தான் அவளை உள்ளே விட்டார்கள்.

ஷஃபியுல்லாவின் அக்கா ரஹமத் பீவி பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டதில் அவளுக்கு முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் அறுத்த வயல் தாளடி மாதிரி முளைத்திருந்தது. கூடப்பிறந்தவர்களையும், ஆஸ்பத்திரிக்குத் துணை போன ஷாஹிஸ்தாவையும் தவிர நோய் விஷயம் யாருக்கும் தெரியாது. அன்று பீரோவைச் சுற்றி இருந்தது அவள் கூடப்பிறந்த தங்கச்சிகள்தான்.

"ஷாஹி, புழுக்கம் தாங்கல. முக்காட எடுத்துட்டு உக்காரப்போறேன். வராதுல்ல?"

"வராது மாமி. நிம்மதியா இருங்க."

மாப்பிள்ளையின் தாயார் ஹஃப்சாவின் கழுத்தில் கருகமணித் தாலி கட்டினாள். ஷாஹிஸ்தா மளமளவென்று எடுத்துத் தள்ளினாள். யாரையும் நெருக்கி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் வந்தார்கள்.

மதியம் விருந்து நடக்கும்போதே பயாஸ் வந்து நின்றான். "அக்கா, ஒரு நாலஞ்சு படம் அனுப்பிவிடுங்க. குரூப்புல கேட்டுட்டே இருக்காங்க."

கேமராவின் குட்டித் திரையில் கருகமணி நன்றாக விழுந்திருக்கிறதா, ஹஃப்சா கண் மூடியிருக்கிறாளா என்று மட்டும் பார்த்தாள். அனுப்பினாள்.

சாயங்காலம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவள் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. நடுவில் ஹஃப்சா. வலது ஓரத்தில் பீரோ, கண்ணாடி முதல் கால் வரைக்கும் முழுசாக. அதை ஒட்டி ரஹமத் பீவி, மொட்டைத் தலையும் கை விசிறியுமாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்து இழுப்பில் அந்தத் தலை இன்னும் நீண்டு தெரிந்தது.

பயாஸுக்குப் போன் போட்டாள்.

"அழிச்சுட்டேங்க்கா" என்றான் அவன். குரலில் உயிரில்லை. "ஆனா அதுக்குள்ள எல்லாரும் பாத்துட்டாங்க."

இம்தியாஸ் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிருங்க" என்றாள் அவள்.

"என்னத்த?"

"மனசுல இருக்கறத."

"கால் வலிக்குது ஷாஹி. அவ்வளவுதான் இருக்குது."

மறுநாள் காலையில் கேமராப் பையோடு ரஹமத் பீவி வீட்டுக்குப் போனாள். எதற்காகப் பையை எடுத்தோம் என்று பாதி வழியில் யோசித்தாள். பழக்கதோஷம்தான்.

ரஹமத் பீவி முக்காட்டை இறுக்கிப் போட்டிருந்தாள். "வா. எல்லாரும் வரணும்னு எந்தம்பி கேட்டான். எல்லாரையும் வர வெச்சுட்ட."

ஷாஹிஸ்தா உட்காரவில்லை.

"காலைல எங்கொழுந்தன் வந்து என்னமோ மௌத்து ஊட்டுக்குத் துக்கம் கேக்க வந்தவனாட்டம் உக்காந்துட்டுப் போறான். இத்தன மாசம் மூடி வெச்சது."

"தப்பு எம்மேலதான் மாமி. லென்ஸு புதுசு. ஓரத்த நான் பாக்கல."

"லென்ஸு புதுசு, சரி. நீ பழசுதான?"

உள்ளே குக்கர் சத்தம் கொடுத்தது. ரஹமத் பீவி போய் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம புதுச்சத்திரத்துல மாப்பிள்ளை ஊட்டு விருந்து. பொம்பளைங்க பக்கத்துக்கு உன்னய விட வேண்டாம்னு பேசிக்கறாங்க. எங்கிட்டதான் எந்தம்பி கேட்டிருக்கான், நீ சொல்லுக்கான்னு."

"நீங்க வேண்டாம்னு சொன்னா அதான் நியாயம் மாமி."

"நியாயத்த நான் பாத்துக்கறேன். பழைய லென்ஸப் போட்டு எடுத்தா என்ன?"

"அப்பப் பாதிப் பேரு வரமாட்டாங்க."

"சரியாப் போச்சு. கொண்டா அத."

ரஹமத் பீவி கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தாள். "டிவிகிட்டப் போய் நில்லு" என்றாள். ஷாஹிஸ்தா போய் நின்றாள்.

"தெரியற. தையல் மிஷினுக்கு அந்தப் பக்கம் போ."

போனாள்.

"இப்பவும் தெரியற. கதவு ஓரம்?"

சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

"கால் தெரியுது." ரஹமத் பீவி கேமராவை மடியில் இறக்கினாள். "இந்தச் சனியனுக்கு முன்னால எங்க போயித்தான் ஒளியறது?"

ஷாஹிஸ்தாவுக்கும் சலித்துவிட்டது. நடந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "இப்பப் பாருங்க மாமி."

ரஹமத் பீவி மறுபடி கண்ணில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பக் காணோம்" என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்து, "சோறு ஆயிருச்சு. உக்காரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்தில், மாப்பிள்ளை வீட்டு அறைக்குள் ஷாஹிஸ்தா நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் வாயைத் திறக்குமுன் ரஹமத் பீவியின் குரல் கேட்டது.

"வேண்டாங்கறவங்க எல்லாம் இவ முதுகுக்குப் பின்னால வாங்க. பீரோவ நம்பாதீங்க."

யாரோ சிரித்தார்கள். ஒருத்தி எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கைக்குழந்தைக்காரி, பல்செட் கட்டாமல் வந்த ஒரு பெரியம்மா, காரணம் சொல்லாத நாலைந்து பேர். பீரோ ஓரமே போதும் என்று இத்தனை நாள் இருந்தவர்கள் மட்டுமில்லை, கூச்சத்தோடு படத்துக்குள் நின்றுகொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். அறை பாதியாகப் பிரிந்தது.

ஷாஹிஸ்தா கேமராவைத் தூக்கினாள். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகுதான் நடுவைப் பார்த்தாள். ஹஃப்சாவைச் சுற்றி மிச்சமிருந்தவர்கள் பழைய லென்ஸிலேயே தாராளமாக அடங்கிவிடுவார்கள்.

ஜன்னலுக்கு வெளியே, ஆண்கள் பந்தலில், இம்தியாஸ் ஒரு காலில் உடம்பைச் சாய்த்து நின்றபடி கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

பின்னால் ரஹமத் பீவி முக்காட்டை எடுத்துவிட்டு விசிறிக்கொள்கிற சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி இவள் முதுகில் முழு பாரத்தோடு சாய்ந்தாள். கனமாகத்தான் இருந்தது. நகர்ந்தால் அவள் படத்துக்குள்ளே வந்துவிடுவாள் என்று, ஷாஹிஸ்தா காலை ஊன்றிக்கொண்டு அப்படியே எடுத்தாள்.