படலுக்கு அந்தப்பக்கம் ஒரு குடை

1

கைதட்டப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த கதை இது. எங்கள் தீஸ்தா ஆறு ஒரு கிழவி. சித்திரை வெயிலில் அவள் குடையில் இறங்கி வீடுவீடாக வருவாள். குடை பிடிப்பவள் பாதோய். ஆடிப்பாடி அரிசி வாங்க இன்னும் ஆறு பெண்கள், என்னையும் சேர்த்து. ஒரு வீட்டையும் விடக்கூடாது. விட்டால் அந்த வீட்டுக்கு மழைக்காலத்தில் கிழவி தானே வந்துவிடுவாள், வெள்ளமாக.

‘மூங்கில் படலுக்குப் பின்னால் தனேஸ்வரியின் கண்கள் கலங்கி...’

(இப்படி எழுதி அடித்துவிட்டேன். அவள் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள்.)

2

பாதோயும் தனேஸ்வரியும் ஓரகத்திகள். மூன்று வருடம் முன்பு சின்னவள் தனேஸ்வரியின் ஆடு பெரியவள் பாதோயின் சணல் பயிரை மேய்ந்தது. அன்றிலிருந்து பேச்சில்லை. [இதைவிடப் பெரிய காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.]

தனேஸ்வரி வீட்டுப் படலருகே நின்றோம். தனேஸ்வரி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “குடை வரலாம். பிடிச்சிருக்கிறவ வரவேணாம்னு சொல்லு.”

“கிழவிக்குக் கால் முளைச்சிருக்கான்னு கேளு,” என்றாள் பாதோய், அவளும் என்னிடமே.

“அப்ப வெளிய நின்னு நீட்டச் சொல்லு.”

எங்களை மட்டும் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினாள் தனேஸ்வரி. பாதோய் படலுக்கு மேலாக நீட்டினாள். ஆள் தெருவில், குடை முற்றத்தில். அதன் கீழே ஆறு பேரும் ஆடி, ஒருத்தி காலை ஒருத்தி மிதித்தோம்.

3

குடைக்காம்புக்கு வீட்டுக்காரிதான் சிந்தூரம் வைக்க வேண்டும். தனேஸ்வரி கிட்டே வந்தாள். பாதோயின் கையில் குடை ஆடியது.

(‘பாசத்தால்’ என்று எழுதியிருந்தேன். கனத்தால்.)

சிந்தூரம் பாதி காம்பில், பாதி பாதோயின் கட்டைவிரலில்.

“கண்ணு தெரியலையாடி உனக்கு?” என்றாள் பாதோய்.

“ஆடாம பிடிச்சாத்தானே அக்கா!”

எங்கள் கைதட்டல் நின்றுபோனது. ‘அக்கா’ என்று சொன்ன தனேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

“உள்ள வந்து தொலை,” என்று படலைத் திறந்தாள். “உன் கை ஒடிஞ்சா கிழவி என்னைத்தான் கேப்பா.”

4

ஒரு பிரதியில் இருவரையும் கட்டியணைக்க வைத்தேன். கூட வந்த பெண்களிடம் படித்துக் காட்டினேன். சிரித்தே கொன்றுவிட்டார்கள்.

நான் கண்டது இவ்வளவே: பாதோய் குடையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். ஒரே தட்டில் அவலும் தயிரும். “உன் ஆட்டுக்கு வயிறா, பத்தாயமா?” என்று பாதோய் தொடங்க, “உன் வேலிக்கு முதல்ல முள்ளு போடு!” என்று தனேஸ்வரி கத்த, இருவர் வாயிலும் அவல்.

அதற்குமேல் எனக்குத் தெரியாது. அடுத்த வீடு காத்திருந்தது, குடையும் என் தலையில் விழுந்துவிட்டது. உங்களுக்கு அவசரமில்லையே? படல் திறந்துதான் கிடக்கிறது. போய் உட்கார்ந்து கேளுங்கள். யார் பக்கமும் பேசிவிடாதீர்கள்.