பதினேழாம் கிணறு

டிரேசிங் தாளில் சங்கரி அந்தக் கோட்டை நான்காவது முறையாக அழித்தாள். ஏரலுக்குக் கிழக்கே இருபத்தாறு கிணறுகள். கடலின் உப்பு நிலத்தடியில் எதுவரை ஏறி வந்திருக்கிறது என்று காட்டும் கோடு அது. பதினாறு வரை ஒழுங்காக வந்து, பதினேழாம் கிணற்றை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. எங்கும் உப்பு, நடுவில் ஒரே ஒரு நல்ல கிணறு.

“பூமி இப்பிடி வளையாதும்மா,” என்றார் பேராசிரியர். “இந்தத் தண்ணிய நீதான எடுத்த?”

ஆமாம் என்றாள். சுற்றுச்சூழல் புவி அறிவியல், முதுகலை கடைசிப் பருவம். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். உண்மையில் தண்ணீர் எடுக்கப் போன அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு கிணறு பாக்கியிருந்ததால், பாட்டிலைப் பதினேழாம் கிணற்று வீட்டு நீலாம்பாளிடமே கொடுத்து நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதது இரண்டு நாளாக விடுதிச் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கூடவே இருந்தது. கோட்டை நேராக இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பென்சிலை எடுத்தாள், வைத்தாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினாள்.

நீலாம்பாள் முதலில் செம்பில் தண்ணீர் தந்தாள். போன தடவை போலவே நல்ல தண்ணீர். குறிப்பேட்டில் ‘உப்பில்லை’ என்று அன்று எழுதியதும் இந்தச் செம்பை நம்பித்தான்.

“அக்கா, அன்னைக்கு பாட்டில்ல கிணத்துத் தண்ணிதான பிடிச்சிய?”

நீலாம்பாள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள்.

“வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அந்தக் கரிப்புத் தண்ணியவா குடுக்கச் சொல்லுத? ஆத்துல இருந்து சுமந்த குடத்துலதான் ஊத்துனேன். நாலு படிச்சவங்க பாப்பாங்கன்னு வேற சொன்ன.”

“குடிக்க இல்லக்கா. சோதிக்கத்தான்.”

“எதுக்கோ. எங்க வீட்டுத் தண்ணின்னுதான எழுதுவ?”

“பேரு வராது. பதினேழுன்னு நம்பர்தான்.”

“பதினேழு,” என்று நீலாம்பாள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சங்கரி வாளியை இறக்கினாள். எடுக்கப்போகும் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். அலசி ஊற்றியது, நுனி கருகிய வாழைகளின் பக்கம் பைய ஓடியது. துவைகல்லில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அன்று இதைப் பார்த்த நினைவே இல்லை.

பாட்டிலை நிரப்பி மூடி, வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஆற்றுத் தண்ணீர் போலவே தெளிவாக இருந்தது. திரும்பினால், நீலாம்பாள் குடத்துத் தண்ணீர் நிறைந்த இன்னொரு செம்போடு நின்றிருந்தாள்.