நீரோட்டத்தின் பெயர்

1973இல் பாலசிங்கம் திருகோணமலைக் கடற்சண்டையை அமைத்துக்கொண்டிருந்தார். நடந்தது 1782 செப்டெம்பர் மூன்றாம் திகதி. பிரெஞ்சுக்காரருக்குப் பதினான்கு கப்பல்கள், ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டு. ஊர்காவற்றுறையில் அவர் வீட்டு முன்னறைத் தரையில் அவை பூவரசங்கட்டைத் துண்டுகளாக நின்றன. ஒரு நகர்வு என்றால் கடலில் பத்து நிமிடம். எந்தக் கப்பல் எவ்வளவு திரும்பலாம், எந்தத் தூரத்தில் எத்தனை குண்டு படும் என்பதைத் தாயக்கட்டையும் அவர் எழுதிய விதிகளும் சொல்லும்.

அவர் தபால் கந்தோரில் தந்தி எழுதுவினைஞர். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் கப்பல் கொம்பனி வெள்ளைக்காரர் ஒருவர் இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டார். ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகும் இங்கிலாந்தில் இதே பித்துப் பிடித்தவர்களுடன் கடிதப் பழக்கம் தொடர்ந்தது. ஒருவர் சண்டையை அமைத்து அனுப்புவார். மற்றவர்கள் ஆடிப் பார்த்துப் பிழை எழுதுவார்கள்.

ஆடும் இருவருக்கும் வெல்ல இடம் இருக்க வேண்டும். அன்று நடந்ததும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அன்று யாரும் வெல்லவில்லை. தரையில் பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு தடவையும் வென்றார்கள். கடைசியில் பாலசிங்கம் தெற்கிலிருந்து வரும் ஒரு நீரோட்டத்தைச் சேர்த்தார். அது தன் ஊகம் என்று தாளில் எழுதினார். சண்டை சமமாக முடிந்தது. இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

அவர் மணம் முடிக்கவில்லை. அதே வளவின் பின்வீட்டில் அண்ணன் ஐயாத்துரையின் மனைவி அன்னபூரணம் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஐயாத்துரை கடலில் இறந்து பதினொரு வருடம். அவர் போன நாளிலிருந்து அன்னபூரணம் இருவருக்கும் சமைத்தார், முன்னறையையும் கூட்டினார்.

"தம்பி, உம்மட வெள்ளைக்காரர் செத்து முடிஞ்சினமோ? கூட்டவேணும்."

"இன்னும் ரெண்டு நாள், அண்ணி."

"ரெண்டு நாளோ. நல்ல வடிவாச் சாகினம்."

வைகாசியில் பதில் வந்தது. மூன்று தடவை ஆடினார்களாம். எட்டாம் நகர்வில் பிரெஞ்சுக் கப்பல்கள் தாளின் தெற்கு விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டனவாம். காற்றுக்கு அது வரும் திசை பெயர், நீரோட்டத்துக்கு அது போகும் திசை பெயர், இது உங்களுக்குத் தெரியாததல்ல, கைப்பிழையாக இருக்கும் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர்.

பாலசிங்கத்துக்குத் தெரியாது. அவருடைய கடலில் வடக்கிலிருந்து வீசினால் வாடைக்காற்று, வடக்கிலிருந்து வந்தால் வாடைநீர். இரண்டுக்கும் வேறு வேறு வழக்கம் இருக்கலாம் என்று அவர் நினைத்ததே இல்லை. சிரித்துக்கொண்டே தெற்கைக் குறிக்கும் 'சதர்லி' என்பதை வெட்டி, வடக்கைக் குறிக்கும் 'நோதேர்லி' என்று எழுதினார். எழுதியதும் பென்சிலை வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லை அவர் முன்பு ஒரு தந்தியில் வாசித்திருந்தார்.

1962 பங்குனியில் ஐயாத்துரை மாடு பார்க்க நெடுந்தீவுக்குப் போனார். திரும்பி வரும்போது வள்ளத்தின் எஞ்சின் நின்றது. வள்ளத்தில் அவரும் ஓட்டியும் மட்டும். காற்றுமில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த சரக்குக் கப்பல் ஒன்று மாலையில் அவர்களைக் கண்டு, மீன் பிடிக்கிறார்கள் என்று நினைத்து விலகிப் போயிற்று. மறுநாள் கரையிலிருந்து விசாரித்தபோது இடத்தையும் நேரத்தையும் தந்தியில் தெரிவித்தது. கடைசி இரண்டு சொற்கள் நீரோட்டத்தைப் பற்றியவை: கறண்ட் நோதேர்லி.

தந்தியை எடுத்தவர் பாலசிங்கம். அதைக் கையில் பிடித்தபடி துறைக்கு ஓடினார். ஐந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இராயப்பு தேடப் போவதற்கு ஆயத்தமாக நின்றார்.

"வாடைநீர் எண்டு அடிச்சிருக்கிறான்," என்றார் பாலசிங்கம். "தெற்கைதான் போயிருக்கும்."

இராயப்பு கடலைப் பார்த்தார். "பங்குனியிலையோ, ஐயா?"

"கப்பல்காரன் கருவி வைச்சுப் பாத்துச் சொல்லுறான்."

ஐந்து வள்ளங்களும் தெற்கே போயின. இரணைதீவு வரை நான்கு நாள் தேடின. ஏழாம் நாள், வடக்கே, கோடிக்கரைக்கு அருகில் அந்த வள்ளம் ஒதுங்கியது. இருவரும் தாகத்தால் இறந்திருந்தார்கள். இறந்து இரண்டு நாளுக்கு மேல் இராது என்றார்கள். அங்கேயே எரித்தார்கள். சாம்பல் வந்தது.

தண்ணியின் போக்குத் தெரியாத சம்மாட்டி என்று ஊர் சொன்னது. அன்னபூரணம் இராயப்புவைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இராயப்பு யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பாலசிங்கம் அலுமாரியைத் திறந்து தந்தியின் பிரதியை எடுத்தார். சொல் மாறவில்லை. கந்தோருக்கு மூன்று நாள் லீவு போட்டார். தரையிலிருந்து இருபத்தாறு கப்பல்களையும் எடுத்துவிட்டுத் தீவுகளை வெண்கட்டியால் கீறினார். அண்ணனின் வள்ளத்துக்கு ஒரு துண்டு, இராயப்புவின் வள்ளங்களுக்கு ஐந்து. ஒரு நகர்வு ஒரு மணித்தியாலம். நீரோட்டத்தின் வேகத்தைத் தாயக்கட்டைக்கு விட்டார். ஐந்து வள்ளங்களையும் வடக்கே அனுப்பினார்.

பன்னிரண்டு தடவை ஆடினார். பதினொரு தடவை தேடப் போன மறுநாளே கண்டுபிடித்தார்கள். ஒரு தடவை அதற்கடுத்த நாள் காலையில்.

நாலாம் நாள் கடற்கரைக்குப் போனார். இராயப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பாலசிங்கம் நின்றபடியே சொல்லி முடித்தார். இராயப்பு ஊசியை நிறுத்தவில்லை.

"தண்ணி வடக்கை இழுத்தது எனக்கு அண்டைக்கே தெரியும், ஐயா. கடுதாசியிலை இருக்கெண்டியள். படிச்ச மனிசன் சொல்லுறார் எண்டு போனனான்."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்ல? அந்த மனிசிக்கு மிஞ்சினது நீங்கள் ஒராள். என்னைத் திட்டினா எனக்கென்ன, எனக்கு வீடு நிறையச் சனம்." நூலைப் பல்லால் கடித்தார். "இனியும் சொல்லாதையுங்கோ."

பாலசிங்கம் வீட்டுக்கு வந்தார். அன்னபூரணம் விளக்குமாற்றோடு முன்னறை வாசலில் நின்றார்.

"மிச்சக் கப்பல் எங்கை?"

இது அந்தச் சண்டை இல்லை என்றார் பாலசிங்கம். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தந்தி, சொல், துறையில் இராயப்பு கேட்ட கேள்வி, அதற்குத் தான் சொன்ன மறுமொழி. அன்னபூரணம் தரையில் வந்து இருந்தார்.

"இதிலை அவர் எது?"

பாலசிங்கம் காட்டினார்.

"ஆடும்."

அவர் ஆடினார். அன்னபூரணம் ஒவ்வொரு நகர்வையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து துண்டுகளில் ஒன்று அண்ணனின் துண்டைத் தொட்டது.

"இது எத்தினையாம் நாள்?"

"தேடப் போன மற்ற நாள். மத்தியானம்."

"தண்ணி?"

"தண்ணி வடக்கை..."

"குடிக்கிற தண்ணியைக் கேக்கிறன். அதுக்கு உம்மட்டைக் கணக்கில்லையோ?"

பாலசிங்கம் அதற்கு விதி எழுதியிருக்கவில்லை.

"ஒரு குடம் இருந்தது. ஓட்டியின்ரை பெண்சாதி நிறைச்சுக் குடுத்தவ. ரெண்டு பேர், பங்குனி வெய்யில். அஞ்சு நாள் வைச்சுக் குடிச்சிருக்கினம்." அன்னபூரணம் அந்தத் துண்டைத் தொடவில்லை. "அஞ்சு நாளும் தெற்கைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பார். ஆக்கள் வருவினம் எண்டு."

பாலசிங்கம் தாயக்கட்டைகளைப் பொறுக்கி எடுத்தார்.

"இராயப்புவுக்குத் தெரியுமோ?"

"அண்டைக்கே தெரியுமாம்."

அன்னபூரணம் எழுந்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். பின்வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வெளியே போனார். பகல் இரண்டு மணி இருக்கும்.

நடந்ததைப் பாலசிங்கம் பிறகு பிறர் சொல்லித்தான் அறிந்தார். அன்னபூரணம் இராயப்புவின் வீட்டு வாசற்படலையில் போய் நின்றாராம். என்னவென்று அவர் சொல்லவில்லை, இராயப்புவும் கேட்கவில்லை. இராயப்புவின் மனைவி றோஸ் கதிரை கொண்டுவந்து போட்டாளாம். பஸ் வரும் வரை அதில் இருந்துவிட்டுப் புளியங்கூடலுக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம்.

மறுநாள் காலை தங்கை நாகபூசணி வந்தாள். அன்னபூரணத்தின் சேலைகளையும் ஐயாத்துரையின் படத்தையும் ஒரு பெட்டியில் அடுக்கினாள். பாலசிங்கம் பெட்டியைப் படலை வரை தூக்கிக்கொண்டு போனார். நாகபூசணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உங்களிலை கோவமில்லையெண்டு சொல்லச் சொன்னவ, அத்தான். சமைச்சுத் தர மட்டும் இனி ஏலாதாம்."